கிணற்றடியில் முளைத்த கொடிவேலி

இரணியல்
12 ஜூன் 1955

அழகம்மைக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக மைனியின் காலில் இருந்த கட்டை அவிழ்த்தேன். புண்ணைக் கழுவி, ஆஸ்பத்திரியில் கொடுத்த மஞ்சள் மருந்தைப் பூசி, புதுத் துணி சுற்றினேன். ஒன்பது மாதமாக என் காலைகள் இப்படித்தான் தொடங்குகின்றன. உன்னைக் குத்துவதற்காக இதை எழுதவில்லை என்று முதலில் ஒரு வரி எழுதினேன். பிறகு அதை அடித்துவிட்டேன். கொஞ்சம் அதற்காகவும்தான்.

போன ஆகஸ்டில் நான் எழுதிய நாலு வரிக்கு நீ பதில் போடவில்லை. போடமாட்டாய் என்று தெரிந்துதான் எழுதினேன். ‘மைனியின் முழங்கால் வீக்கத்துக்கு வெள்ளைக் கொடிவேலி வேர் கேட்டேன். நீ சிவப்பைத் தந்து அவள் காலைக் கெடுத்துவிட்டாய்.’ திருவனந்தபுரத்து விடுதியில் இரண்டு வருஷம் ஒரே அறையில் இருந்தவளுக்கு வேறொரு வார்த்தையும் சேர்க்காமல் அப்படி எழுதினேன். இன்று நானே மறுபடி எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

துணி அலசிய தண்ணீரைக் கிணற்றடி வாழைக்குக் கொட்டப் போனேன். அம்மி கழுவிய தண்ணீர் ஓடுகிற ஓடையின் ஓரத்தில் இரண்டு சாண் உயரத்தில் ஒரு செடி நின்றது. இலைக்காம்பின் அடி தண்டைச் சுற்றிப் பிடித்திருந்தது. குனிந்து பார்த்தேன். கொடிவேலிதான். எங்கள் வீட்டு வளவில் கொடிவேலி ஒருகாலத்திலும் இருந்ததில்லை. அந்தச் சனிக்கிழமை நீ கொடுத்த வேரில் ஒட்டியிருந்த தண்டின் அடித்தூரை நானே அரிந்து அந்த ஓடைப் பக்கம் எறிந்தேன். அது பிழைத்திருக்கிறது.

வேரை வைத்துப் பூவின் நிறம் சொல்ல என்னால் முடியாது. தாவரம் படித்து, இருபது வருஷம் நாகர்கோவிலில் பெண்பிள்ளைகளுக்கு அதையே கற்பித்தவள் சொல்கிறேன். ஆனால் செடி பூத்தால் யாரும் சொல்லிவிடலாம். வெள்ளை பூத்தால் உன்மீது பிழை இல்லை. சிவப்பு பூத்தால் நான் எழுதியது எழுதியதுதான்.

நான் போன செப்டம்பரில் வேலையை விட்டுவிட்டேன். அதை நீ கேள்விப்பட்டிருப்பாய். வேரை இந்த வீட்டுக்குள் கொண்டுவந்தவள் நான். அண்ணனுக்கும் மைனிக்கும் ஒரு பிள்ளைகூட இல்லை, பார்க்க வேறு யார் இருக்கிறார்கள். அண்ணன் ராஜையன் ஞாயிறு ஆராதனையில் சபை முன் எழுந்து நின்று, ‘என் தங்கை உத்தியோகத்தை உதறிவிட்டு வந்து பணிவிடை செய்கிறாள்’ என்று சாட்சி சொன்னார். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு எனக்கு வெளியே போகும் வழி எதுவும் இல்லை.

பூக்கும்வரை காத்திருப்போம்.

நேசபாய்


பூதப்பாண்டி
20 ஜூன் 1955

நேசபாய்க்கு,

நீ ‘அன்புள்ள’ என்று போடவில்லை. நானும் போடவில்லை. அதில் இரண்டு பேரும் சமம்.

உன் நாலு வரிக்கு நான் ஏன் பதில் எழுதவில்லை என்று கேட்காமலே இருந்துவிட்டாயே. என் பேருக்கு வருகிற கடிதத்தை இந்த வீட்டில் முதலில் படிப்பது வைத்தியர். என்னைக் கட்டிக்கொண்ட நாள் முதல் அப்படித்தான். படித்துவிட்டு என் கையில் தந்தார். எட்டு நாள் கழித்து, நாகர்கோவிலில் இருந்து வாத எண்ணெய் வாங்க வந்த ஒருத்தர் நேராகவே கேட்டாராம், ‘இங்க குடுத்த வேரில ஒரு அம்மைக்குக் காலு போச்சாமே, உள்ளதா?’ என்று. அன்று சாயங்காலம் வைத்தியர் என்னைக் கூப்பிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “இனி நீ யாருக்கும் வேரு எடுத்துக் குடுக்கண்டாம்.” அன்றிலிருந்து மருந்துத் தோட்டத்துக் கதவின் சாவி அவர் மடியில் இருக்கிறது. கோலப்பன் வைத்தியர் பெயர் பெரிதா, நான் பெரிதா? அவர் செய்ததும் நியாயந்தான்.

அந்தத் தோட்டத்தில் பாதிச் செடி நான் வைத்தது. இப்போது வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். அடுத்த வீட்டுத் தோட்டம் பார்க்கிறது மாதிரி.

சிவப்பைத் தந்தேனாம். ஏட்டி, எங்கள் வீட்டில் சிவப்பு நிற்பது முன்வாசலில், அழகுக்கு. வெள்ளை நிற்பது பின்னால், தொழுவத்தின் ஓரத்தில். வாசல் எது, தொழுவம் எது என்று தெரியாதவளா நான்? நீ பி.ஏ. வரைக்கும் படித்தாய். நான் இண்டர்மீடியட்டோடு நின்று கல்யாணம் செய்துகொண்டேன். அதற்காக நிறம்கூடத் தெரியாதா?

உன் மைனிக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது என்று நீ அன்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் வேரைத் தந்திருக்கவே மாட்டேன். உனக்கே அப்போது தெரியாது என்று பிறகு கேள்விப்பட்டேன். சரி.

சிவப்பு பூத்தால் எழுது. நான் அங்கே வந்து உன் மைனியிடம் மன்னிப்புக் கேட்கிறேன். வெள்ளை பூத்தால் நீ ஒரு வரி எழுத வேண்டும். எனக்கு இல்லை. வைத்தியருக்கு.

அழகம்மை


இரணியல்
21 ஆகஸ்டு 1955

அழகம்மை,

செடி இடுப்பளவு வந்துவிட்டது. பூ இல்லை.

இலையை வைத்தே சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். கணுக்கள் சிவந்திருந்தால் செங்கொடிவேலி என்று என் பழைய நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இந்தச் செடியின் கணு வெயில் படுகிற பக்கம் சிவப்பு, நிழல் பக்கம் பச்சை. ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கிறேன். ஒருநாள் சிவப்பு கூடியது போல இருக்கிறது. மறுநாள் குறைந்தது போல இருக்கிறது. செடி மாறவில்லை, அன்றன்று நான் எதை விரும்புகிறேனோ அது தெரிகிறது என்று பிறகுதான் புரிந்தது. பிள்ளைகளுக்கு வகுப்பில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன், முதலில் பார், பிறகு பெயர் சொல் என்று.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு சிவப்புச் செடி இருந்தால் நன்றாயிருக்கும். முன்வாசலில் நிற்பதற்குச் சாவி வேண்டாம் அல்லவா? ஒரு கம்பு ஒடித்து அனுப்புவாயா? கேட்க வெட்கமாக இருக்கிறது. கேட்டுவிட்டேன்.

நான் ஆஸ்பத்திரிக்கும் சபைக் கோவிலுக்கும் தவிர வேறெங்கும் போவதில்லை. போன வாரம் ஆஸ்பத்திரி வாசலில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி, தங்கபாய் என்று பெயர், இடுப்பில் பிள்ளையோடு நின்றாள். ‘டீச்சர், எப்ப திரும்பி வருவீங்க?’ என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள் அண்ணன் சொன்னார், ‘அவளுக்கு இப்ப இதாக்கும் ஊழியம்’ என்று. பெருமையாகத்தான் சொன்னார். மைனி என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு கை இப்படிப் பிடித்திருக்கும்போது உதறுவது எப்படி?

நேசபாய்


பூதப்பாண்டி
9 செப்டம்பர் 1955

நேசபாய்க்கு,

இதைக் கொண்டுவருகிற தாணம்மாள் எங்கள் பக்கத்து வீடு. இரணியலில் மகளைக் கட்டிக்கொடுத்திருக்கிறாள். உரித்த வாழைத்தடை மட்டைக்குள் ஈரத்துணி சுற்றி மூன்று கம்பு வைத்திருக்கிறேன். சிவப்பு. இனி இந்த வழியாகவே எழுது, வைத்தியருக்கு வாசிக்கிற சிரமம் மிச்சம்.

நீ புத்தகத்தில் படித்ததை நான் தொழுவத்தில் படித்தேன். கேட்டுக்கொள். வெள்ளை தானாக முளைக்கும். பூ உதிர்ந்த பிறகு அதன் பசைக்காய் ஆட்டின் ரோமத்திலும் நம் முந்தானையிலும் ஒட்டிக்கொண்டு ஊரெல்லாம் போகும். வேண்டாம் என்றாலும் வரும். சிவப்பு எங்கள் வாசலில் ஒரு தடவைகூடக் காய்த்து நான் பார்க்கவில்லை. கம்பு ஒடித்து வைத்தால்தான் உண்டு. வெள்ளை வேர் எரிக்கும், சிவப்பு அதைவிட எரிக்கும். இரண்டையும் சுத்தி செய்து எரிச்சலை அடக்காமல் தொட்டால் தோல் பொங்கும். அதனால்தான் சுத்தி செய்யும் முறையை அன்று உனக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு சங்கதி. வாசலில் கம்பு ஒடித்தபோது வைத்தியர் பார்த்துவிட்டார். யாருக்கு என்றார். கோவிலுக்கு என்றேன். சிவப்புக் கொடிவேலிப் பூ எந்தக் கோவிலில் சார்த்துகிறார்கள் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தெரிந்தேதான் விட்டார் போலிருக்கிறது. மனுசர்களை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை, அதுதான் கஷ்டம்.

அழகம்மை


இரணியல்
30 அக்டோபர் 1955

அன்புள்ள அழகம்மை,

வெள்ளை.

இன்று சபைக் கோவிலுக்குப் புறப்படும் முன்பு பார்த்தேன். ஒரே கதிரில் நாலு பூ விரிந்திருந்தது. மெல்லிய நீளமான குழல், ஐந்து இதழ், கீழே பசையான பச்சைப் புல்லி. கையில் ஒட்டியது. உன் கம்பில் ஒன்று பிடித்து நாலு இலை விட்டிருக்கிறது. அது பூக்கும்வரை காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று.

நான் எழுதிய நாலு வரிக்காக மன்னிப்புக் கேட்கிறேன். இத்துடன் வைத்தியருக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். ஒரு வரி கேட்டாய், ஒரு பக்கம் எழுதியிருக்கிறேன். வேர் சரியான வேர், பிழை இந்த வீட்டில் என்று தெளிவாக எழுதியிருக்கிறேன். அவர் யாரிடம் வேண்டுமானாலும் காட்டலாம். நாகர்கோவிலில் பேசினவர்களுக்கும் நான் சொல்வேன்.

இன்னொன்றையும் உன்னிடம் சொல்லிவிட வேண்டும். பூவைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. நான் இத்தனை மாதமும் ஜெபித்தது சிவப்புக்காக. நீ செய்த பிழை என்றால் நான் வெறும் தூக்கிவந்தவள். உன்னுடைய பிழை இல்லை என்றால் பிறகு யாருடையது?

எல்லாம் சீட்டில் இருந்தபடியே செய்ததாக அண்ணன் அன்றே சொன்னார். சனிக்கிழமை நான் வேரையும் சீட்டையும் அவரிடம் கொடுத்தேன். நறுக்கி, ஏழு நாள் ஊறவைத்து, நாள்தோறும் நீர் மாற்றி, பிறகு உலர்த்தி அரைக்க வேண்டும். அடுத்த சனிக்கிழமை நானே வந்து பார்த்து அரைப்பதாக இருந்தேன். அந்த வாரம்தான் கலவரம் என்று பஸ் ஓடவில்லை. நான் நாகர்கோவிலிலேயே நின்றுவிட்டேன். அண்ணனே அரைத்துப் பூசினார். மறுநாள் கால் முழுவதும் கொப்புளம்.

அப்படியானால் சீட்டைக் கொடுத்தபோது நான் ஏதாவது தவறாகச் சொன்னேனா? அல்லது உன் சீட்டே தவறா? ஒருவேளை அளவா? பிழை என்னிடம் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டே இருக்கிறேன். இல்லாமல் இருக்க முடியாது.

நேசபாய்


பூதப்பாண்டி
7 நவம்பர் 1955

அன்புள்ள நேசம்,

நீ வைத்தியருக்கு எழுதினதை அவர் இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு, “நல்ல கையெழுத்து” என்றார். மறுநாள் காலையில் சாவி அடுக்களை ஆணியில் தொங்கியது. இவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சமாதானம். நான் தொழுவத்தின் ஓரத்தில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இப்போது உன் காரியம். நீ எழுதினதை மூன்று தடவை வாசித்தேன். ஏழு நாள் ஊறவைத்து, நீர் மாற்றி என்று எழுதியிருக்கிறாய். என்ன நீர் என்று எழுதவில்லை. நான் சீட்டில் எழுதினது ‘சுண்ணாம்புத் தெளிநீர்’. சுண்ணாம்பைக் கரைத்து, அடங்கவிட்டு, மேலே நிற்கிற தெளிவை எடுத்து அதில்தான் வேர் கிடக்க வேண்டும். முதல் நாள் நீர் இரத்தம் மாதிரி சிவக்கும். நாள் போகப் போக நிறம் வற்றும். வற்றினால்தான் வேர் அடங்கினது. வெறும் தண்ணீரில் ஏழு நாள் இல்லை, எழுபது நாள் போட்டாலும் அது அடங்காது.

உன் வீட்டில் சுண்ணாம்பு ஏது, நேசம்?

எனக்கு இது இத்தனை நாளும் தோன்றவே இல்லை. எங்கள் வீட்டில் வெற்றிலைச் செல்லம் இல்லாத அறை கிடையாது. கையை நீட்டினால் சுண்ணாம்பு. உப்பு எழுதினால் உப்பு எங்கே வாங்குவது என்று யாராவது எழுதுவார்களா? அப்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். ஆனால் ஒருதடவை, உன் அப்பா இறந்த துக்கத்துக்கு வந்தபோது, உங்கள் வீட்டில் நாள் முழுவதும் நான் வெற்றிலை போடாமல் தவித்தது ஞாபகம் இருக்கிறது. மடியில் வெற்றிலை இருந்தது. சுண்ணாம்பு தீர்ந்துபோயிற்று. உன் மைனியிடம் மெல்லக் கேட்டேன். அவள் அண்ணன் பக்கம் பார்த்துவிட்டு, “இங்க அது வீட்டுக்குள்ள கேறாது அக்கா” என்றாள்.

வெள்ளையடிக்கிற மாதமானால் ஒரு சட்டியில் கிடந்திருக்கும். ஆகஸ்டில் யார் வெள்ளையடிக்கிறார்கள்? வாங்க வேண்டுமானால் வெற்றிலைக் கடைக்குத்தான் போக வேண்டும். உன் அண்ணன் போயிருப்பாரா?

நீ அவரிடமே கேள்.

அழகம்மை


இரணியல்
27 நவம்பர் 1955

அன்புள்ள அழகம்மை,

கேட்டேன். கேட்பதற்கு எனக்குப் பத்து நாள் ஆயிற்று.

உனக்கு ஒன்று தெரியாது. போன வருஷம் ஜூலையில்தான் அண்ணன் சபைக் கூட்டத்தில் வெற்றிலைக்கு எதிராகப் பேசினார். வெற்றிலை போடுகிறவர்களைச் சபைப் பொறுப்புகளில் வைக்கக் கூடாது என்று அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. இரண்டு மூப்பர்கள் பதவியை விட்டார்கள். அதில் ஒருவர், ஞானசிங், தெரு முக்கில் வெற்றிலைக் கடைக்கு நேர் எதிரே குடியிருக்கிறார். அந்தக் கடையில் அண்ணன் காலணாவுக்குச் சுண்ணாம்பு வாங்கிக்கொண்டு நின்றால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். யாரையாவது அனுப்பினாலும் வீட்டுப் பெயர்தான் வரும்.

அண்ணன் குடைக்கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்து, வேரை எந்தத் தண்ணீரில் ஊறவைத்தீர்கள் என்று கேட்டேன். அவர் நிமிரவில்லை. “இப்ப எதுக்கு அது” என்றார். மறுபடி கேட்டேன். கம்பியை வளைத்துக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே சரியாகிவிட்டிருந்தது.

சாயங்கால ஜெபத்தில், ‘அறிந்தும் அறியாமலும் செய்த பிழைகளை மன்னியும்’ என்று இரண்டு தடவை சொன்னார். எப்போதும் ஒரு தடவைதான் சொல்வார். அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த பதில்.

உண்மை தெரிந்தால் ஒரு கதவு திறக்கும் என்று நான் நினைத்திருந்தேன் போலிருக்கிறது. ஒன்றும் திறக்கவில்லை. மறுநாள் மைனிக்குக் காய்ச்சல். புண் மறுபடி நீர்விட்டது. நான்தான் துணி மாற்றினேன். யார் பிழையானாலும் கால் அதே கால். நான் போனால் அவளுக்கு யார்? பிழை என்னுடையது என்று இருந்தபோது தண்டனை என்று சொல்லி இருந்துகொண்டேன். இப்போது அந்தப் பெயரும் இல்லை. பெயர் இல்லாமலே இருக்கிறேன்.

மைனிக்கு ஒன்றும் தெரியாது. அவளிடம் சொல்லி அவளையும் நோகடிக்க எனக்கு மனமில்லை.

நேசம்


பூதப்பாண்டி
10 மே 1956

அன்புள்ள நேசம்,

ஆறு மாதமாக நீ எழுதுவதெல்லாம் மழை, மருந்து, மைனி. நானும் அதற்கேற்றபடி எழுதிக்கொண்டிருந்தேன். இன்று அப்படி எழுதப் போவதில்லை.

எங்கள் தெருவில் நாகம்மை என்று ஒரு பெண். உன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது எழுதியிருக்கிறாள். உன் இடத்துக்கு வந்த டீச்சர் கல்யாணமாகி மதுரைக்குப் போகிறாளாம். பெரிய டீச்சரம்மா உன் விலாசத்தை விசாரித்தார்களாம். இந்நேரம் உனக்குக் கடிதம் வந்திருக்கும். வந்தது என்று நீ எனக்கு எழுதவில்லை. எழுதமாட்டாய்.

உன்னிடம் கோபமாகக் கேட்கிறேன். உன் அண்ணன் ஒரு வெட்கத்துக்காக மைனியின் காலைக் கொடுத்தார். அதை மறைக்க உன்னைக் கொடுத்தார். நீ எதற்காக இருக்கிறாய்? அவள் காலுக்காக என்று சொல்லாதே. துணி கட்ட வேறு கைகள் உண்டு. அந்த வீட்டிலேயே இரண்டு கை சும்மா இருக்கிறது.

என்னைப் பார்த்து நீ கேட்கலாம், நீ மட்டும் என்ன வெளியே வந்துவிட்டாயா என்று. இல்லை. எனக்குச் சாவிதான் கிடைத்தது. என்னை வா என்று எழுத இன்னொரு ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இல்லை. உனக்கு இருக்கிறது. அந்த ஆங்காரத்தில்தான் இதை எழுதுகிறேன், ஒளிக்கவில்லை.

அழகம்மை


இரணியல்
2 ஜூன் 1956

அன்புள்ள அழகம்மை,

பள்ளியின் கடிதம் ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிட்டது. ‘ஜூன் நாலாம் தேதி திங்கட்கிழமை பள்ளி திறக்கிறது. பத்து மணிக்கு நீங்கள் வந்து நின்றால் அந்த இடம் உங்களுடையது. முன்கூட்டி எழுத வேண்டாம். வராவிட்டால் செவ்வாய்க்கிழமை வேறொருவரை எடுத்துக்கொள்வேன்’ என்று பெரிய டீச்சரம்மா எழுதியிருந்தார்கள். அதை மடித்து வைத்துவிட்டு ஒரு மாதம் வீட்டில் நடமாடினேன்.

நேற்று மத்தியானம் அண்ணன் சபைக் கூட்டத்துக்குப் போயிருந்தார். அடுக்களையில் மைனியும் நானும் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தோம். மைனி நிமிராமல் கேட்டாள்:

“பள்ளிக்கூடத்திலேர்ந்து கடிதாசு வந்திருக்காம்லா. போறியா?”

உங்களை விட்டுவிட்டு எப்படிப் போவேன் என்றேன். எப்போதும் சொல்வதுதான். அவள் கொஞ்ச நேரம் கீரையை உருவினாள்.

“அவரு வெறுந்தண்ணியில ஊறப்போட்டத நான் பாத்தேன் மக்கா. சீட்டுல சுண்ணாம்புன்னு இருக்கேன்னு கேட்டேன். ‘நான் போய் அந்தக் கடையில நிக்கவா’ன்னாரு. நானும் விட்டுட்டேன்.”

அப்போதே என்னிடம் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன்.

“சொன்னா நீ போயிருப்ப. நீ போனா இந்த வீட்டில நானும் அவருமா ரெண்டே பேரு. அவரு முகத்த நானும் எம் முகத்த அவரும் பாத்துக்கிட்டு இருக்கணும். எனக்கு அதாக்கும் பயம்.”

நான் அவளிடம் மறைத்ததாக நினைத்ததை அவள் ஏறக்குறைய இரண்டு வருஷமாக என்னிடம் மறைத்துக்கொண்டிருந்தாள். கோபம் வர வேண்டும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கீரையைத்தான் உருவினேன். அவள் அழவில்லை. நானும் அழவில்லை. குழம்புக்கு உப்பு போட்டாயிற்றா என்று அவள் கேட்டாள். போட்டாயிற்று என்றேன்.

நீ கேட்ட கேள்விக்கு இன்றுதான் எனக்குப் பதில் தெரிந்தது. எழுதக் கூச்சமாக இருக்கிறது. அண்ணனுடைய வெட்கமும் மைனியின் பயமும் என்னைப் பிடித்து வைத்திருந்தன என்று சொல்லிவிட்டால் முடிந்தது. ஆனால் அது முழுவதும் இல்லை. சபையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்களே, அன்று எனக்கு அது பிடித்திருந்தது. நாற்பத்தைந்து வயதில், கல்யாணம் ஆகாத ஒரு டீச்சருக்கு, அவள் இல்லாமல் முடியாது என்று சொல்ல ஒரு வீடு கிடைத்தது. வேர் வெள்ளையென்று தெரிந்த பிறகும் ஏழு மாதம் நான் இருந்ததற்கு அதுதான் காரணம். யாரும் என்னைக் கட்டிப்போடவில்லை. கையை நீட்டிக்கொண்டு நின்றேன்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போகிறேன்.

அண்ணனிடம் சொல்லவில்லை. மைனியிடம் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போவதுதான் மரியாதை என்று எனக்குத் தெரியும். ஆனால் சொன்னால் மைனி என் கையைப் பிடிப்பாள், நான் நின்றுவிடுவேன். செவ்வாய்க்கிழமை வேறொருத்தி வந்துவிடுவாள். புண்ணை எப்படிக் கழுவ வேண்டும், மருந்து எவ்வளவு, டாக்டரிடம் எந்த நாள் என்று எல்லாவற்றையும் அண்ணன் பெயருக்கு ஒரு தாளில் எழுதியிருக்கிறேன். எதில் எந்தத் தண்ணீர் என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் வருவேன் என்றும் எழுதினேன். உண்மையில் வருவேனா என்று எனக்கே தெரியவில்லை. அந்த வரியை அடிக்கவும் இல்லை.

நான் செய்வது சரியா என்று உன்னிடம் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தையும் திங்கட்கிழமை காலையில் பஸ்ஸுக்குப் போகிற வழியில் நானே தபால்பெட்டியில் போடுவேன். நீ வாசிக்கும்போது முடிந்திருக்கும். ஆகையால் உனக்குக்கூட இன்னும் தெரியாது.

இப்போது உள்ளே இருந்து மைனி கூப்பிட்டாள். புதன்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நாம் இரண்டு பேரும் ஒரே நிறத்தில் உடுத்துவோமா, எந்தச் சேலையை எடுத்து வைக்கட்டும் என்று கேட்கிறாள்.

நீலம் என்று சொன்னேன்.

நேசம்